அல்சைமர் வந்த அம்மாவை வீட்டில் பார்த்துக்கொள்வது

நீங்கள் கேட்டது சுருக்கமாக: "அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரி டோனெபெசில் 10 மி.கி. எடுக்கிறார். குளிக்கக் கூப்பிட்டால் கையை ஓங்குகிறார். சாயங்காலம் ஆனால் 'வீட்டுக்குப் போகணும்' என்று வாசலில் நிற்கிறார். பர்ஸை நான் திருடிவிட்டேன் என்கிறார். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து நடக்கிறார். இரண்டு நாளாக ரொம்ப மோசம். நோய் முற்றிவிட்டதா?"

கடைசி இரண்டு வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரமானது அதுதான். அல்சைமர் இரண்டு நாளில் முற்றாது. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல இறங்கும் நோய் அது. முந்தாநாள் வரை தானே சாப்பிட்டு, தானே நடந்தவர் இன்று ஆளே மாறிப் போனார் என்றால் அல்சைமருக்கு மேல் வேறு ஏதோ வந்திருக்கிறது. மருத்துவத்தில் இதை டெலிரியம் என்பார்கள். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு வர, ஏற்கெனவே தளர்ந்த மூளை அதைத் தாங்காமல் குழம்பிப்போவதுதான் அது. காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். 'வயசாச்சு, நோய் முத்திருச்சு' என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

டெலிரியம் இரண்டு விதமாக வரும். கத்தல், பதற்றம், இல்லாத பூச்சியைக் கையால் தட்டுவது என்று வந்தால் எல்லோர் கண்ணிலும் படும். இன்னொன்று சத்தமில்லாமல் வரும். பேச்சு குறையும், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொள்வார், வாயில் வைத்த உணவு அப்படியே இருக்கும். "இன்னைக்கு அமைதியா இருக்காங்க" என்று வீட்டில் நிம்மதிகூட அடைவார்கள். தவறவிடப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

காரணம் தேடும்போது முதலில் சாதாரண விஷயங்களைப் பாருங்கள். கடைசியாக எப்போது மலம் கழித்தார்? மூன்று நாள் மலச்சிக்கலே ஒருவரைத் தலைகீழாக மாற்றிவிடும். எவ்வளவு தண்ணீர் குடித்தார், சிறுநீர் என்ன நிறத்தில், எவ்வளவு போகிறது? சொட்டுச் சொட்டாகப் போய் அடிவயிறு உப்பியிருந்தால் சிறுநீர் தேங்கி நிற்கலாம். சளி, மூச்சிரைப்பு உண்டா? கடந்த இரண்டு வாரத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்ததா, பழையது ஏதாவது நின்றதா? சமீபத்தில் எங்காவது விழுந்தாரா? விழுந்து சில வாரம் கழித்துக்கூட மூளைக்கு வெளியே ரத்தம் மெதுவாகக் கசிந்து சேரலாம்; ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் இந்தச் சந்தேகத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தெரிந்த உடனே காரணம் அதுதான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வயதான பெண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். மற்ற காரணங்களைத் தேடுவதை அதோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "இரண்டு நாளில் இப்படி மாறிவிட்டார், இது அவருடைய வழக்கமான மறதி இல்லை." இதைச் சொல்லாவிட்டால் கோப்பில் அல்சைமர் என்று பார்த்துவிட்டு, வழக்கமான நிலையே இதுதான் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியவை உட்பட. நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். டோனெபெசில் சிலருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும். துடிப்பு 50-க்குக் கீழே இறங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ அந்த மாத்திரையைப் பற்றி உடனே பேச வேண்டும்.

மாத்திரைகள்

டோனெபெசில் நோயை நிறுத்தாது. ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் சீக்கிரம் சிதைந்துபோகாமல் தடுக்கிறது. இருக்கிற திறனைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். குமட்டல், வயிற்றுப்போக்கு, எடை குறைவது இதன் பக்கவிளைவுகள். உங்கள் அம்மா விஷயத்தில் முக்கியமான இன்னொன்று, இரவில் எடுத்தால் சிலருக்கு நிஜம்போல் கனவுகள் வந்து தூக்கம் கெடும். காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். இரவு நடமாட்டம் அதிலேயே பாதி குறைந்த வீடுகள் உண்டு.

அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் டோனெபெசிலுக்கு நேர் எதிரி. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் கலந்த சளி, அலர்ஜி, தூக்க மருந்துகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீரை அடக்கத் தரும் ஆக்சிபியூட்டினின், கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிபெனிடில் எல்லாம் இந்த வகை. பல வீடுகளில் நடப்பது இதுதான்: டோனெபெசில் தொடங்கியதும் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். அதற்கு வேறொரு மருத்துவர் ஆக்சிபியூட்டினின் எழுதுவார். அது டோனெபெசில் செய்கிற வேலையைக் கெடுத்துக் குழப்பத்தைக் கூட்டும். குழப்பத்துக்குத் தூக்க மாத்திரை வரும். அந்த மயக்கத்தில் பாத்ரூம் போகும்போது விழுவார், இடுப்பு எலும்பு முறியும். ஆகவே புதிய தொந்தரவு எது வந்தாலும், "இது இப்போது எடுக்கிற மாத்திரையால் வந்ததா?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

டோனெபெசில் போலவே வேலை செய்யும் ரிவாஸ்டிக்மின் மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: புதியதை ஒட்டுமுன் பழையதைக் கண்டுபிடித்து எடுத்துவிட வேண்டும். முதுகில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு மூன்று சேர்ந்து, வாந்தியும் துடிப்புக் குறைவுமாக மருத்துவமனைக்கு வருவது நடக்கிறது. பட்டையின் மேல் தேதியை எழுதி, அவர் கை எட்டாத மேல்முதுகில் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் 14 நாளைக்குள் திரும்ப ஒட்டாதீர்கள். மெமன்டைன் என்ற இன்னொரு மாத்திரை நோயின் நடுக்கட்டத்திலிருந்து தரப்படுவது. தினசரி அளவை வாரத்துக்கு 5 மி.கி. வீதம் கூட்டி 20 மி.கி. வரை போவார்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள். லெகனமேப், டொனனெமேப் என்ற புதிய அல்சைமர் மருந்துகளைப் பற்றிச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவை ஆரம்பக் கட்டத்தினருக்கு மட்டும். மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் வரக்கூடியவை என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகளைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) உள்ள முதியவர்களுக்கு இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-இலேயே கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலையில், வேறு எல்லாம் பார்த்த பிறகு, மிகக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு என்றால் நியாயம் உண்டு. குளிக்க மறுப்பதற்கும் ஒரே கேள்வியைக் கேட்பதற்கும் அவை மருந்தல்ல. எழுதிக் கொடுத்தால், ஆறு வாரத்துக்கு ஒருமுறை "இது இன்னும் வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். இல்லாத ஆட்களும் விலங்குகளும் தெளிவாகத் தெரிவது, உடல் விறைப்பு, தூக்கத்தில் கைகால் வீசுவது இருந்தால் அது லூயி பாடி டிமென்ஷியா என்ற வேறொரு வகையாக இருக்கலாம். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் மிகவும் ஆபத்தானவை. ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏன் இப்படி நடந்துகொள்கிறார்?

அல்சைமர் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும். புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் இடம் அது. பத்து நிமிடம் முன்னால் நடந்தது அவருக்கு மறந்துபோனது என்றுகூடச் சொல்ல முடியாது, பதியவே இல்லை. "இப்பதானே சொன்னேன்!" என்று நாம் சொல்வது அவரைப் பொறுத்தவரை பொய். சின்ன வயது வீடு, பழைய பாட்டு, துணி மடிக்கும் கைப்பழக்கம் எல்லாம் மூளையின் வேறு இடங்களில் இருப்பதால் வெகுகாலம் நிற்கும். இன்னொன்றும் நிற்கும், அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்: நடந்தது போனாலும் அது தந்த உணர்ச்சி தங்குகிறது. நீங்கள் காலையில் அதட்டியது அவருக்கு நினைவிருக்காது. ஆனால் ஏதோ பயம், யாரோ கோபமாக இருக்கிறார்கள் என்ற கலக்கம் மதியம் வரை இருக்கும். உங்களிடம் இருக்கிற நான்கு பிரச்சினைகளுக்கும் வழி இங்கிருந்துதான் போகிறது. நியாயம் பேசித் திருத்த முடியாது. பயத்தைக் குறைக்க முடியும்.

பேசும் விதத்திலும் சில நுணுக்கம் உண்டு. பக்கப் பார்வை சுருங்கிவிடுவதால் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ தொட்டால் திடுக்கிடுவார். முன்னால் வந்து, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை மட்டும். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்துப் பதினைந்து வரை எண்ணுங்கள். நாம் பொறுமையில்லாமல் வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லும்போது அவர் முதலிலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டியிருக்கும். "நான் யாருன்னு தெரியுதா?" என்று யாரும் கேட்க வேண்டாம் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது பரீட்சை, அவர் ஒவ்வொரு முறையும் தோற்கும் பரீட்சை. காது மெஷினும் கண்ணாடியும் சரியாக இருக்கின்றனவா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நோய் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வெறும் காது கேளாமையாக இருக்கும்.

குளியல்

அவர் நிலையில் இருந்து யோசித்தால் இதில் கை ஓங்குவது ஆச்சரியமே இல்லை. யாரோ ஒருவர், சில நேரம் யார் என்றுகூடத் தெளிவில்லை, தன் உடையைக் கழற்றுகிறார். குளிர்கிறது. ஈரத் தரை பளபளக்கிறது, ஆழம் தெரியவில்லை. தலைக்கு மேலே இருந்து திடீரென்று தண்ணீர் முகத்தில் விழுகிறது. அதற்கு அவர் செய்வது தற்காப்பு.

அதனால் முதலில் அவர் வருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். சோப்பு, இரண்டு பெரிய துண்டு, இரண்டு மூன்று சின்னத் துணி, மாற்று உடை போடும் வரிசையில். அறை கதகதப்பாக இருக்கட்டும். முதுகு சாயும் நாற்காலி, கைப்பிடி, வழுக்காத விரிப்பு வேண்டும். விரிப்பு தரையின் நிறத்திலேயே இருப்பது நல்லது. வெளிர்த் தரையில் கறுப்பு விரிப்பு அவர் கண்ணுக்குக் குழிபோல் தெரியும், கால் வைக்கவே மாட்டார். தண்ணீர் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ், உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் பட்டால் இதமாக இருக்கும் சூடு. தண்ணீர் ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு தெரிந்து கையை இழுக்கும் வேகம் அவரிடம் குறைந்திருக்கும்.

"குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம், காலையிலேயே குளிச்சாச்சு" என்றுதான் பதில் வரும். கேட்காமல் கையைப் பிடித்து, "வாம்மா, கால் கழுவிக்கலாம்" என்று ஒரு சின்னக் காரியத்தில் தொடங்குங்கள். உட்கார்ந்ததும் தோளிலும் மடியிலும் துண்டைப் போர்த்துங்கள். அந்தத் துண்டு கடைசிவரை இருக்கட்டும். அதை ஒரு பக்கம் தூக்கி அந்த இடத்தை மட்டும் கழுவி மறுபடி மூடுவதுதான் முறை. தண்ணீரைப் பாதத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள், மெதுவான ஓட்டத்தில். "இப்ப கால்... இப்ப முழங்கால்" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். முகத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கடைசியில் நனைத்துப் பிழிந்த துணியை அவர் கையிலேயே கொடுங்கள். தலைக்குக் குளிப்பதை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். இரண்டையும் சேர்த்தால்தான் பெரும்பாலும் சண்டை.

கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் கையை அவர் உள்ளங்கைக்கு அடியில் கொடுங்கள். அவர் விரல்கள் உங்கள் கையைப் பற்றியிருக்கட்டும். துணி உங்கள் விரலில். உங்கள் கை தேய்க்கும்போது அவர் கையும் மேலே சேர்ந்தே போகும். தானே செய்வதுபோல் அவருக்கு இருக்கும், பழைய கைப்பழக்கம் எழுந்து சில நாள் அவரே தொடரவும் செய்வார். பல் தேய்ப்பதற்கும் ஊட்டுவதற்கும் இதே பிடிதான்.

நடுவில் "போதும்" என்று கத்தினால் நிறுத்திவிடுங்கள். துண்டைப் போர்த்தி வெளியே அழைத்து வந்து, இருபது நிமிடம் கழித்து வேறு பேச்சோடு திரும்பிப் பாருங்கள். முழுக்குளியல் வாரம் இரண்டு முறை போதும். முகம், அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றைத் தினமும் துடைத்து ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்தால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தில் தினமும் ஒரு சண்டை போடுவதை விட இது எவ்வளவோ மேல்.

சாயங்காலம்

மாலையில் கூடும் பதற்றத்துக்குக் காரணங்கள் ஒன்றல்ல. பகல் முழுக்கப் புரியாததைப் புரிந்துகொள்ள முயன்ற மூளை களைத்திருக்கும். உடல் கடிகாரத்தை நடத்தும் மூளைப் பகுதியும் பழுதுபட்டிருக்கும். வெளிச்சம் மங்கி நிழல்கள் ஆட்கள்போல் தெரியும். வீட்டில் எல்லோரும் வந்து போகும் பரபரப்பு வேறு. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லா விளக்கையும் போட்டுத் திரைகளை இழுத்துவிடுங்கள். இருட்டியபின் ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தையே அந்நியர் என்று பயப்படுவார்கள். டிவியில் சத்தமான செய்தி வேண்டாம். மூன்று நான்கு மணிக்குச் சிறிது சாப்பிடவும் குடிக்கவும் கொடுத்து, பாத்ரூமுக்கும் அழைத்துப் போங்கள். பசியும் சிறுநீர் முட்டுவதும் "வீட்டுக்குப் போகணும்" என்ற வார்த்தையில் வெளிவருவது உண்டு.

"இதுதாம்மா உங்க வீடு" என்ற பதில் உண்மைதான், ஆனால் எடுபடாது. அவர் கேட்கும் வீடு பெரும்பாலும் சின்ன வயது வீடு, அல்லது வீடு என்றால் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு. "அங்க யாரெல்லாம் இருப்பாங்க?", "வாசல்ல என்ன மரம்?" என்று கேளுங்கள், பேச விடுங்கள். துண்டுகளை மடிக்கக் கொடுங்கள், மடித்து முடித்ததும் எடுத்துப்போய்க் கலைத்து மறுபடி கொண்டுவந்தாலும் பரவாயில்லை. அப்படியும் நிற்காவிட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்து, ஒரு சுற்று போய் அதே வாசல் வழியாக உள்ளே வாருங்கள்.

இறந்துபோன அப்பாவைத் தேடினால்? ஒவ்வொரு முறையும் "அவர் போய்ட்டாரும்மா" என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறை கேட்கும் சாவுச் செய்தி. தெளிவாக இருக்கும் நேரத்தில் நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மற்ற நேரங்களில், "அப்பா ஞாபகம் வந்துடுச்சா? அவருக்கு என்ன பிடிக்கும்?" என்று அந்த ஏக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள். இதைப் பொய் என்று நினைத்துக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

பர்ஸ்

1901-இல் பிராங்க்பர்ட்டில் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த ஆகுஸ்தே டீட்டர் என்ற பெண்ணின் குறிப்புகளிலிருந்துதான் இந்த நோயே அறியப்பட்டது. அவருக்கும் மறதியோடு கணவர்மீது தீராத சந்தேகம் இருந்தது. சந்தேகம் இந்த நோயோடு பிறந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒளித்துவைக்கிறார், வைத்தது பதியவில்லை, பொருள் இல்லை, ஆகவே யாரோ எடுத்திருக்க வேண்டும். அவர் மூளை கண்டுபிடிக்கும் ஒரே விளக்கம் அது. அருகில் இருப்பவர்தான் திருடன் ஆவார், அதிகம் பார்த்துக்கொள்கிறவருக்கே அதிகம் பழி. "நான் எடுக்கலை" என்று வாதாட வேண்டாம். "ஐயோ, பர்ஸ் காணோமா? வாங்க ரெண்டு பேரும் தேடலாம்" என்று சொல்லி, கண்டுபிடிக்கும் பெருமையை அவருக்கே விடுங்கள். தலையணை உறை, மெத்தைக்கு அடி, ஷூவுக்குள், ஃபிரிட்ஜ் என்று அவர் வழக்கமாக ஒளிக்கும் இடங்களைக் குறித்துவையுங்கள். அதேபோல் இன்னொரு பர்ஸ் வாங்கிக் கொஞ்சம் சில்லறையோடு வைத்திருங்கள். குப்பையைக் கொட்டுமுன் ஒருமுறை பாருங்கள், பல்செட்டும் காது மெஷினும் அதில்தான் போகும்.

இரவும் வெளியே போவதும்

காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளி வெளிச்சத்தில் இருக்கட்டும். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மாலை ஆறுக்குப் பிறகு குடிப்பதைக் குறைக்கலாம், ஆனால் நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லிட்டர் உள்ளே போயிருக்க வேண்டும் (இதயம், சிறுநீரகக் கோளாறுக்குத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி). படுக்கையிலிருந்து கழிவறை வரை ஆள் நடந்தால் எரியும் விளக்கு, திறந்த கதவு. வெள்ளைச் சுவரின் முன் வெள்ளைக் கழிவறை இருக்கை அவர் கண்ணுக்குத் தெரியாது, அழுத்தமான நிறத்தில் இருக்கை மூடி மாட்டினால் பல 'விபத்துகள்' நின்றுவிடும். திரும்பத் திரும்ப எழுவதற்கு வலியும் காரணமாக இருக்கலாம். "வலிக்குதா?" என்றால் இல்லை என்பார், நெற்றிச் சுருக்கம், முனகல், ஒரு பக்கத்தைத் தொட விடாமல் காப்பது, இவற்றைப் பாருங்கள். டயசெபம், லோரசெபம் போன்ற தூக்க மாத்திரைகளால் குழப்பமும் விழுவதும்தான் கூடும்.

வெளிக்கதவுத் தாழ்ப்பாளைக் கண் மட்டத்தில் வைக்காமல் மேலேயோ அடியிலேயோ மாற்றுங்கள், கதவில் சத்தம் எழுப்பும் மணி ஒன்று மாட்டுங்கள். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. தீ வந்தால் அவரால் தப்ப முடியாது. பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் பொறித்த வளையல் கையில் இருக்கட்டும். சமீபத்தில் எடுத்த படம் உங்கள் போனில் இருக்கட்டும். காணவில்லை என்றால் பதினைந்து நிமிடம் மட்டும் அக்கம்பக்கம் தேடுங்கள், முதலில் நீர்நிலைகளையும் பெரிய சாலையையும், பிறகு புதர், படிக்கட்டுக்கு அடி போன்ற ஒதுங்கும் இடங்களையும். கிடைக்காவிட்டால் உடனே காவல்துறைக்குச் சொல்லிவிடுங்கள். கூப்பிட்டால் பதில் சொல்வார் என்று நம்பித் தேடாதீர்கள், பலர் பத்தடி தூரத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

சாப்பாடும் கடைசிக் கட்டமும்

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தட்டின் நிறமும் உணவின் நிறமும் ஒன்றாக இருந்தால் உணவு தெரியாது. நிறையப் பண்டங்களைப் பரப்பாமல் ஒவ்வொன்றாக வையுங்கள். கரண்டி பிடிக்கத் தெரியாமல் போனால் கையால் எடுத்துத் தின்னக்கூடியவையாகக் கொடுங்கள். நேராக உட்கார்ந்து, தாடை லேசாகக் கீழே இறங்கியபடி, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். குடிக்கும்போது இருமல், சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி இவை உணவு மூச்சுக்குழாயில் போவதன் அடையாளம். விழுங்குவதைப் பரிசோதிக்கும் நிபுணரிடம் காட்டுங்கள். வாயைத் தினமும் சுத்தம் செய்வதும் நிமோனியாவைக் குறைக்கும்.

கடைசிக் கட்டத்தில் உணவு செலுத்த வயிற்றுக் குழாய் வைக்கலாமா என்ற கேள்வி வரும். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ தெரியவில்லை, கையால் மெதுவாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. அந்த நேரத்தில் பசி தானாகவே அடங்கும். சாப்பாட்டை மறுப்பதால் நோய் முற்றுவதில்லை, நோய் முற்றியதால் சாப்பாடு வேண்டாமலிருக்கிறது. இந்த முடிவை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எடுக்க நேராமல், இப்போது அம்மாவுக்குப் புரியும் நல்ல காலை நேரம் ஒன்றில் அவர் விருப்பத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். வங்கி, சொத்து, மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரங்களும் அதே போல்: புரிந்து கையெழுத்திடும் திறன் இருக்கும்போது மட்டுமே செல்லும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரு வழக்கறிஞரை இந்த மாதமே பாருங்கள்.

நீங்கள்

கோபம் வரும். கத்திவிட்டு அழுவீர்கள். அது உங்கள் குணக்கேடு இல்லை, தூக்கமில்லாதவர் எவருக்கும் வருவதுதான். கை ஓங்கத் தோன்றினால் அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் இருங்கள். நோய் கண்டறிந்த பிறகு நான்கு முதல் எட்டு வருடம் வரை போகலாம், சிலருக்கு இருபது வருடம் வரைகூட. ஒருவரால் தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல இது. கூடப்பிறந்தவர்களிடம் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை நீ இரு" என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள்.

அப்படி வருகிறவருக்காக ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தில் மாத்திரை, வேளை, அலர்ஜி, அவசர எண்கள். இரண்டாவது பக்கத்தில் அம்மாவை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தக் கண்ணாடி எந்த வேலைக்கு, பாத்ரூம் போக வேண்டும் என்றால் என்ன செய்வார் (உடையின் ஓரத்தை இழுப்பது, எழுந்து எழுந்து உட்காருவது), எந்தப் பாட்டுப் போட்டால் முகம் தெளியும். மூன்றாவது பக்கத்திலிருந்து தினக்குறிப்பு: தூக்கம், மலம், குடித்த அளவு, பதற்றம் வந்த மணி, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. இரண்டு வாரம் எழுதிப் புரட்டிப் பார்த்தால், காரணமே இல்லாமல் வருகிறது என்று நினைத்த பதற்றம் மலம் போகாத மூன்றாவது நாளிலோ, மதியம் தூங்காத நாளிலோ, குறிப்பிட்ட ஒருவர் வந்துபோன பிறகோ வருவது கண்ணில் படும். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பக்கங்களைத்தான் முதலில் எடுத்துக் காட்ட வேண்டும்.